உணவில் அளவும் நண்பரின் துணையும்



அளவறிந்து உண்ணவேண்டும், நாள்தோறும் உடலுக்கு உழைப்புக் கொடுக்கவேண்டும் என்பதை அறியாதார் நம்மில் எவருமிலர். அறிந்தும் அதில் நிலைத்து நிற்பவர் சிலரே. மனவுறுதி இன்மையே இதற்குக் காரணம் என்பர் பலர். துணையின்மையும் பெருங்காரணம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சம்யுத்த நிகாயத்தில் கோசல மன்னன் பசேனதியின் வரலாறு ஒன்று உண்டு. அவன் ஒரு துரோணம் சோறுண்டு, மூச்சு வாங்கப் பகவானிடம் வந்து அமர்ந்தான். அளவறிந்து உண்பவனுக்குத் துன்பம் குறையும், முதுமையும் மெல்லவே வரும் என்னும் கருத்தமைந்த காதையொன்றைப் பகவான் அருளினார். மன்னன் தனக்குள் சபதம் செய்துகொண்டு எழுந்து போய்விடவில்லை. பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அழைத்து, அக்காதையைக் கற்றுத் தான் உண்ணும்போதெல்லாம் ஓதுமாறு பணித்தான். அதற்கு நாள்தோறும் 100 கஹாபணம் அளிப்பதாகவும் கூறினான். படிப்படியாக அவன் உணவு நாழிச் சோற்றளவில் வந்து நின்றது; உடலும் இளைத்து நலமுற்றது. அரசனுக்கே துணை வேண்டியிருந்ததெனில், நமக்கு வேண்டாமா?

இக்காலச் சான்று நம் அருகிலேயே உள்ளது. பனச்சமூடு, பாறசாலை முதலிய எல்லையூர்கள் அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்னும் ஆய்வு 2013இல் தொடங்கியது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, 30 முதல் 60 வயது வரையுள்ள, நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 1,007 பேர் சேர்க்கப்பட்டனர். பாதிப் பகுதியினருக்கு அறிவுரைச் சிறுநூல் வழங்கப்பட்டது. மறுபாதியினர் குழுக்களாகக் கூடினர். ஓராண்டில் 15 கூட்டங்கள் நிகழ்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றை நடத்தியவர் மருத்துவரல்லர்; பயிற்சி பெற்ற அவ்வூராரே.

முடிவுகள் 2018இல் வெளியாயின. ஈராண்டில் நீரிழிவு கண்டவர், குழுவினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். ஏனையோருள் 17 பேர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே ஆய்வின் கணக்கு. ஆயினும், குழுவினரிடத்தில் காய்கனி உண்ணுதல் மிகுந்தது, மதுப்பழக்கம் குறைந்தது. ஆகவே, துணை என்பது நோயை விரட்டும் மந்திரமன்று. நற்பழக்கம் சாய்ந்துவிடாமல் தாங்கும் முட்டுக்கால்.

கூட்டம் தாங்குவதும் உண்டு, தள்ளுவதும் உண்டு. நாம் பஞ்சாலையில் இரவு முறை பார்த்த காலத்தில், ஒருவர் இனிப்புத் தேநீரை விட்டால், "ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும்?" என்று தோழரே குவளையை நீட்டுவர். அந்த ஒரு நாள் ஒவ்வொரு நாளும் வரும். நீட்டியவரும் பகைவரல்லர், அன்பினாலேயே நீட்டினார். அன்பு எத்திசையில் செலுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

இனி, நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. நோயாளிக்கெனத் தனிப்பானை வைத்து அவரை ஒதுக்கலாகாது. சோற்றையும் மரச்சீனியையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதை வீடு முழுவதும் மேற்கொள்க.

2. அயலார் இருவர் மூவர் சேர்ந்து ஒரே வேளையில் நடக்க. வராதவர் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்க.

3. கடிந்து பேசற்க. சுதஸ்ஸனன் மன்னனின் தட்டைப் பறிக்கவில்லை. கேட்டுக்கொண்டபடி நினைவூட்டினான், அவ்வளவே. நினைவூட்டுமாறு கேட்டவனும் மன்னனே.

4. நீரிழிவுக்கு மருந்துண்போர், மருத்துவரைக் கேளாமல் உணவு வேளையைத் தவிர்க்கலாகாது; உபோசத நாளிலும் அவ்வாறே.

நமக்குச் சுதஸ்ஸனனாக எவரை அமர்த்திக்கொள்வோம்? எவருக்கு நாம் சுதஸ்ஸனனாக நிற்போம்? இவ்விரு வினாக்களுக்கும் வரும் பௌர்ணமிக்குள் ஒவ்வொருவரும் விடை காண்போமாக.