இழை நுனியில் ஒரு கண்ணாடி வில்லை

125 மைக்குரோமீற்றர் விட்டமே உள்ள ஒளியிழையின் நுனியில் நுண்ணிய வில்லையொன்றை அமைக்கும் வித்தை, இரத்தக்குழாயின் உட்சுவரைப் படம்பிடிக்கும் வைத்தியக் கருவிகளுக்கும், லேசர் ஒளியைச் சிந்தாமல் இழைக்குள் புகுத்தவேண்டிய தொலைத்தொடர்புச் சாதனங்களுக்கும் இன்றியமையாததாயினும், அதற்கு வேண்டிய பிரதான இயந்திரம் நமக்கு அந்நியமானதன்று. தெருவோரத்தில் அறுந்த இழைகளைப் பொருத்தும் ஊழியரிடம் இருக்கும் மின்வில் ஒட்டுப்பெட்டியே அது. அப்பெட்டியொன்றும், இழைவெட்டியொன்றும், நுணுக்குக்காட்டியொன்றும் கைக்கு எட்டுமாயின், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்துப் பௌதிக மாணவர் எவரும் இதனைப் பழகிக்கொள்ளலாம்.

சோளகம் வீசும் மாதங்களில் குடாநாட்டின் செம்மண் தூசி சாளர இடுக்குகளிலெல்லாம் புகுந்துவிடும். மாரியிலோ காற்றின் ஈரம் மிகுந்து மின்வில்லின் வெப்பத்தையே மாற்றும். ஆதலால் கதவடைத்து, மின்விசிறியை நிறுத்தி, மின்வாய்களின் நுனியைச் சுத்தஞ்செய்து, பெட்டியிலுள்ள அளவுதிருத்தத்தை ஒவ்வொரு நாளும் முதலில் நிறைவேற்றுக. எப்பொருளையும் கிணற்று நீரில் கழுவலாகாது. சுண்ணக்கற்பாறையில் ஊறிய அந்நீர் உலர்ந்தவிடத்தில் வெண்படிவை விட்டுச்செல்லும்.

பின்னர் இழையின் மேற்பூச்சை உரித்து, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த துடைதாளால் ஒரே திசையில் துடைத்து, முனை அச்சுக்குச் செங்குத்தாக அமையும்படி வெட்டுக. சரிவு ஒரு பாகையை எட்டினும் அம்முனையைக் கழித்துவிடுதலே நன்று. வெட்டிய துண்டுகளை மூடியுள்ள போத்தலில் இடவேண்டும். வெறுங்காலோடு நடமாடும் நம் வீடுகளில் இது சிறு விஷயமன்று.

இனிக் கூறப்போவதே இவ்வித்தையின் சூட்சுமம். நுனியை உருக்கினால் உருண்டை வந்துவிடும். ஆயினும் உருண்டை வந்த அளவிலே வில்லை சித்தித்ததென்று மகிழ்பவர் ஏமாறுவர். கண்ணாடியின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.45 ஆதலால், இழையின் நடுவே ஒளி செல்லும் உள்ளகத்திலிருந்து விரிந்துவரும் ஒளி சமாந்தரக் கற்றையாக வெளிப்பட வேண்டுமாயின், உள்ளகம் முடியுமிடத்துக்கும் உருண்டையின் முன்முகத்துக்கும் இடையே, உருண்டையின் ஆரையைப்போல் 3.2 மடங்கு தூரம் கண்ணாடியாகவே இருத்தல் வேண்டும். உருண்டை தருவதோ இரண்டு மடங்கு மாத்திரமே. எஞ்சிய தூரத்தை நிரப்புதற்காக, உள்ளகமே இல்லாத அதே பருமனுள்ள கண்ணாடியிழையை முதலில் ஒட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் அளந்து வெட்டுகிறோம். 250 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள உருண்டையை விரும்பினால், கனவளவைக் கணித்துப் பார்க்கையில் அதற்கு மட்டும் சுமார் 670 மைக்குரோமீற்றர் நீள இழை உருகிச் சேரவேண்டும். கழுத்தாக எஞ்சுவதற்கு இன்னும் 150 அளவில் வேண்டும். ஆகவே ஒட்டிய இடத்திலிருந்து 0.8 மில்லிமீற்றரில் வெட்டுக. பிரயாசை முழுவதும் இந்த வெட்டிலேதான்.

அடுத்து, பெட்டியைக் கைமுறை இயக்கத்தில் வைத்து, நுனியை மின்வாய்களுக்கு நடுவே கொணர்ந்து, குறுகிய வில்களாகக் கொடுக்க, கிடுகு நுனியில் மழைநீர் திரளுமாறு கண்ணாடி தன் மேற்பரப்பிழுவிசையால் உருண்டு திரளும். நுனி உருகி உட்சுருங்கச் சுருங்க இழையை மெல்ல முன்தள்ளுக. இழை கிடையாக இருப்பின் இளகிய கழுத்து உருண்டையின் பாரத்தால் வளைந்துவிடக்கூடும். வில்லுக்கு வில் இழையைச் சுழற்றிக் கொடுத்தால் அக்குறை பெரிதும் நீங்கும். ஒரே நீண்ட வில்லால் முடித்துவிட எண்ணும் அவசரக்காரருக்கு இது வாய்க்காது.

ஐதரோபுளோரிக் அமிலத்தில் தோய்த்து நுனியைக் கூராக்கும் முறையும் உண்டு. தோலினூடே ஊடுருவி எலும்பையும் தாக்கும் அந்தத் திராவகத்தை, கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பும் பயிற்சி பெற்றோரும் அருகில்லாத இடத்தில் தொடவே கூடாது, மின்வில்லே போதும்.

பரீட்சிப்பதற்கு மறுமுனையில் கட்புலனாகும் லேசரைச் செலுத்தி, வெளிப்படும் புள்ளியைச் சில மில்லிமீற்றர் தொலைவுகளில் வெள்ளைக் காகிதத்தில் ஏந்திப் பார்க்கவும். கண்ணை ஒருபோதும் நுனிக்கு நேரே வைக்கலாகாது. தொலைத்தொடர்பில் வழங்கும் 1550 நானோமீற்றர் ஒளி கட்புலனாகாததாயினும் விழிக்கு அபாயமற்றதென்று கொள்ளற்க. புள்ளி தொடக்கத்திலிருந்தே விரிந்துகொண்டு போனால் கழுத்துக் குட்டை. ஓரிடத்தில் தெளிவாகக் குவிந்து பின்னர் விரிந்தால் கழுத்து நெட்டை. அடுத்த இழையை வெட்டும்போது 0.8 என்ற அளவை அதற்கேற்பக் கூட்டுக அல்லது குறைக்க.