கைவிடப்பட்ட சாப்ட்வேரைத் தத்தெடுப்பது எப்படி?

திண்டிவனத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2023 ஜூலையில் எனக்குப் பாடம் நடத்திய தமிழாசிரியர் ஒரு சிடியோடு வந்தார். சுற்று வட்டாரக் கோவில்கள், ஏரிகள் பற்றி 2002-ல் டைப் செய்து வைத்த இருநூறு பக்கங்கள். புத்தகமாகப் போட வேண்டுமாம். எல்லாம் டிஸ்கி எழுத்துமுறையில் இருந்தன. "அரை மணி நேர வேலை ஐயா, டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்றேன். டிஸ்கியை யூனிகோடாக மாற்றும் சின்னப் புரோகிராம் ஒன்று என்னிடம் இருந்த தைரியம்தான்.

அது ஓடவில்லை. போன வாரம்தான் கம்ப்யூட்டரில் டெபியன் 12-ஐப் புதிதாகப் பதிந்திருந்தேன். புரோகிராம் எழுதப்பட்டது பைத்தான் 2-ல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது; டெபியன் 12-ல் அது கிடையாது. புரோகிராமின் பக்கத்தைப் பார்த்தால் கடைசியாகத் தொட்டது 2011. பதினொரு புகார்கள் பதிலில்லாமல் கிடந்தன. விழுப்புரத்தில் தெரிந்த இரண்டு கடைகளும் இதையே நம்பியிருந்தன. வேறு மாற்றிகள் இருக்கின்றனவே என்பீர்கள். ஓப்பன்-தமிழ் தொகுப்பில்கூட ஒன்று உண்டு. ஆனால் அது புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கானது. நம்முடையது ஒரு போல்டரைக் காட்டினால் போதும், தலைப்பு கெடாமல் மாற்றித் தரும்.

அப்போதுதான் அந்த ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்த மினிடெப்கான்ஃப் நினைவுக்கு வந்தது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் நடத்தியது. டெபியனில் ஒரு பேக்கேஜைக் கவனிக்க முடியாதவர் அதை 'அனாதை' என்று வெளிப்படையாக அறிவித்துவிடலாம். விருப்பமுள்ளவர் 'தத்தெடுக்கப் போகிறேன்' என்று அதே இடத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கலாம். அவர் டெபியன் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. உரிமை உள்ள ஒருவர் சரிபார்த்து ஏற்றிவிடுவார். உங்கள் டெபியனில் 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்' என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்து பாருங்கள். நீங்கள் பயன்படுத்துகிறவற்றில் எவையெல்லாம் ஆளில்லாமல் இருக்கின்றன என்று சொல்லும். பட்டியல் கொஞ்சம் பயமுறுத்தும்.

என் புரோகிராம் டெபியனுக்குள் இல்லை. ஆனாலும் மரியாதை ஒன்றுதானே? முதலில் உரிமத்தைப் பார்த்தேன். ஜிபிஎல். திருத்தவும் வெளியிடவும் தடையில்லை. உரிமமே எழுதாமல் விட்டிருந்தால், எத்தனை வருடம் கேட்பாரற்றுக் கிடந்தாலும் அது அடுத்தவர் சொத்துதான், கை வைக்கக் கூடாது.

அடுத்து ஒரு தவறு செய்தேன். "பராமரிப்புப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள்" என்று எழுதியவருக்கு ஈமெயில் போட்டேன். பதில் இல்லை. விழுப்புரம் நண்பர் சிரித்தார். "முன்பின் தெரியாதவன் சாவியைக் கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா?" 2018-ல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதன் உரிமையாளர் அப்படித்தான் கொடுத்தார், வாங்கியவர் பிட்காயின் திருடும் கோடை நுழைத்துவிட்டார். 2024-ல் எக்ஸ்இஸட் விவகாரம் இன்னும் மோசம். இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லவராக உழைத்தவரே 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். லாகின் ஆக அரை விநாடி கூடுதலாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர் கவனித்ததால் உலகம் தப்பியது.

ஆகவே சாவி கேட்பதை விட்டுவிட்டு, திருத்திய கோடை அனுப்ப முடிவு செய்தேன். பிரிண்ட் கட்டளை போன்றவற்றை 2டு3 என்ற கருவியே மாற்றித் தந்தது. (பைத்தான் 3.13-லிருந்து அதை நீக்கிவிட்டார்கள். தேவைப்பட்டால் 3.12 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் ஓட்டுங்கள்.) சிக்கல் பைலைப் படிப்பதில்தான். பைத்தான் 3 அதை யுடிஎஃப்-8 என்று நினைத்துப் பிழை காட்டியது. அவசரத்தில் விண்டோஸ்-1252 என்று கொடுத்தேன். நான்கு வரி சோதித்தேன், சரியாக வந்தது. ஆசிரியருக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் சிவப்பு மையோடு வந்தார். 'ஸ்ரீ' இருந்த இடமெல்லாம் கமா, 'ஸ' இருந்த இடத்தில் மூன்று புள்ளி. "கிரந்தத்தை ஒழிக்கக் கிளம்பிவிட்டாயாப்பா?" என்றார். காரணம் இதுதான். டிஸ்கியில் ஸ்ரீ, ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் 130 முதல் 134 வரையான எண்களில் இருக்கின்றன. விண்டோஸ்-1252-ல் அந்த இடங்களில் நிறுத்தற்குறி போன்றவை உட்கார்ந்திருக்கின்றன. 160-க்கு மேல் வம்பில்லை, அதனால்தான் மற்ற தமிழெழுத்துகள் பிழைத்தன. என் நான்கு வரியில் கிரந்தமே இல்லை! லேட்டின்-1 என்று மாற்றினேன். அது ஒவ்வொரு எண்ணையும் அப்படியே விட்டுவிடும்.

அந்தத் திருத்தத்தையும், ஸ்ரீ முதல் ஹ வரை வரும் ஒரு சோதனைப் பைலையும் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. வேலை மாறி, இந்தப் பக்கமே வரவில்லையாம். இன்னும் மூன்று திருத்தங்கள் அனுப்பிய பிறகு, அவர் கேட்காமலே அனுமதி கொடுத்தார். அவர் பெயர் முதல் வரியில் அப்படியே இருக்கிறது. விழுப்புரம் நண்பருக்கும் சாவி கொடுத்துவிட்டேன். பதினொரு புகாரில் இரண்டு பாக்கி. ஆசிரியர் இரண்டாவது புரூப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த முறை சிவப்பு மை என் கோடுக்கு அல்ல, அவருடைய 2002-ஆம் வருட ஒற்றுப் பிழைகளுக்கு.