கிறுக்கலும் ஒரு பேச்சுதான்

"படம் வரைஞ்சது போதும், எழுதிப் பழகு!" பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் அன்றாடம் கேட்கும் அதட்டல் இது. வரைவதைப் பற்றி நம்மிடம் ஊறிப்போன சில எண்ணங்களைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: படம் வரைந்துகொண்டே இருந்தால் எழுத்து வராது.

உண்மை: எழுத்துக்கு வழிவிடுவதே படம்தான். குழந்தை வரைவதை எழுத்துமொழியின் முந்தைய கட்டமாகக் கண்டார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. தாளில் இழுத்த கோடு ஒரு பொருளைக் குறிக்கும் என்பதைப் பிள்ளை முதலில் படத்தில்தான் உணர்கிறது. 'அ'வுக்கு வேண்டிய சுழியும் வளைவும் கைக்குப் பழகுவதும் அங்கேதான்.

நம்பிக்கை: கிறுக்கலுக்குப் பொருள் கிடையாது.

உண்மை: குழந்தைகளின் படங்களை லட்சக்கணக்கில் சேகரித்த அமெரிக்கக் கல்வியாளர் ரோடா கெல்லாக், கிறுக்கல்களில் 20 அடிப்படை வடிவங்களைப் பிரித்துக் காட்டினார். மூன்று, நான்கு வயதில் வட்டத்திலிருந்தே கால்கள் முளைத்த மனிதரைப் பல நாட்டுப் பிள்ளைகளும் வரைகிறார்கள். அது பிழையல்ல, வளர்ச்சிப் படி.

நம்பிக்கை: வரைந்தாலே மொழி தானாக வளர்ந்துவிடும்.

உண்மை: படத்தோடு பேச்சும் சேர வேண்டும். நாலு வயதுச் சிறுமி வரைந்ததைக் காட்டி "இது என்ன?" என்றால், "ஆடு" என்பதோடு முடித்துக்கொள்வாள். "இங்க என்ன நடக்குது, சொல்லு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். "ஆடு தண்ணி குடிக்கப் போச்சு. மழை வந்துருச்சு. அதான் மரத்தடியில நிக்குது" என்பாள். ஒற்றைச் சொல் கதையாகிவிட்டது. அந்த 'அதான்' என்ற சொல்லில் காரணம் சொல்லும் திறன் தெரிகிறது. அவள் சொன்னதை அப்படியே படத்தின் கீழே எழுதி வாசித்துக் காட்டுங்கள். தன் பேச்சே எழுத்தாவதை அவள் கண்ணால் காண்பாள்.

நம்பிக்கை: கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டினால் கற்பனை வளரும்.

உண்மை: அதனால் கைக்குப் பயிற்சி கிடைக்கும். ஆனால், எதை வரைவது என்பதை வேறொருவர் முன்பே முடிவு செய்துவிட்டார். 1947-இல் வெளிவந்த நூலில் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை வகுத்த விக்டர் லோவன்ஃபெல்டும் வண்ணம் தீட்டும் புத்தகங்களை ஏற்கவில்லை. கற்பனைக்கு வேண்டியது வெற்றுத் தாள்.

பெற்றோரே, ஆசிரியர்களே, வீட்டுப்பாடம் முடித்ததற்குப் பரிசாக வண்ணக்குச்சியைக் கொடுக்காதீர்கள். பாடத்துக்கு முன்பே கொடுங்கள். பிள்ளை வரையட்டும், அருகே அமர்ந்து அது சொல்லும் கதையைக் கேளுங்கள்.