லூப் கோணுகிறதா? சாகச மாடல் விமானத்துக்குச் சில மேஜைக் குறிப்புகள்

என் முதல் பால்சா விமானம் ஒவ்வொரு லூப்பிலும் கைமுறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டு பக்கத்து வயலுக்கு மேலே போய் முடிக்கும். காற்றைத் திட்டினேன், மோட்டாரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், எலிவேட்டரின் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். ரேடியோவில் எண்ணைத் தட்டி அதை மூடி மறைத்ததும் நான்தான். சாகச மாடல் விமானங்களுக்கான எஃப்3ஏ போட்டியில் 15 டிகிரி விலகினால் ஒரு மதிப்பெண் போய்விடும். போட்டிக்குப் போகாதவர்களுக்கும் லூப் நேராக வந்தால் சந்தோஷம்தானே.

1. முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். வீட்டுக்குள் ரேடியோவை ஆன் செய்து வேலை பார்க்கும்போது த்ராட்டில் குச்சியில் முழங்கை பட்டால் போதும், மேஜையில் இருக்கும் விமானம் நம் மேலேயே பாயும்.

2. ரேடியோவில் புது மாடல் ஒன்றைத் திறந்து ட்ரிம், சப்-ட்ரிம், மிக்ஸ் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்தில் வையுங்கள். அப்போது சர்வோ தன் நடுப்புள்ளியில் நிற்கும். பெரும்பாலான ரேடியோக்களில் அந்த நடு சிக்னல் 1500 மைக்ரோசெகண்ட், ஃபுடாபாவில் 1520.

3. சர்வோ ஆர்ம் புஷ்ராடுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் உட்கார வேண்டும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சர்வோவின் பல்லில் ஆர்மை மாட்டினால் ஒன்று கொஞ்சம் முன்னால் நிற்கும், ஒரு பல் தள்ளினால் கொஞ்சம் பின்னால் நிற்கும். 25 பல் உள்ள சர்வோவில் ஒரு பல் என்பது 14.4 டிகிரி. இதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு. சர்வோவோடு வரும் நாலு கை பிளஸ் ஆர்மை எடுங்கள். 25ஐ நாலால் வகுத்தால் மீதி வருமல்லவா? அதனால் ஒவ்வொரு கையும் பல்லின் மேல் சற்றே வேறு கோணத்தில் உட்காரும். நாலையும் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள், 3.6 டிகிரிப் படிகளில் 90க்கு மிக அருகே வரும் கை ஒன்று கிடைக்கும். அதில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு மற்ற மூன்றையும் வெட்டி எறியுங்கள். 24 பல் சர்வோவில் இந்த வித்தை பலிக்காது, நாலு கையும் ஒரே மாதிரிதான் நிற்கும்.

4. மிச்சமிருக்கும் ஓரிரு டிகிரிக்கு மட்டும் சப்-ட்ரிம். அதுவும் ஆர்மை 90க்குக் கொண்டுவரத்தான். எலிவேட்டரையோ ஏலரானையோ நேராக்க சப்-ட்ரிம்மைத் தொடவே கூடாது. தொட்டால் ஆர்ம் சாய்ந்து நிற்கும், மேலே போகும் அளவும் கீழே போகும் அளவும் மாறிவிடும். என் முறுக்கு லூப்பின் கதை இதுதான்.

5. ஏலரானையும் எலிவேட்டரையும் நேராக்குவது புஷ்ராடின் நீளத்தை வைத்து. எம்3 மரையில் பால் லிங்க்கை ஒரு சுற்று திருப்பினால் நீளம் அரை மில்லிமீட்டர் மாறும். ஹார்ன் துளை கீலிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், 60 மில்லிமீட்டர் அகல ஏலரானின் ஓரம் 1.2 மில்லிமீட்டர் நகரும். இரண்டு முனையிலும் எதிரெதிர் மரை உள்ள டர்ன்பக்கிளில் இது இரட்டிப்பு. இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்தால், 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று இருபது தடவை கழற்றி மாட்ட வேண்டாம்.

6. ஹார்னின் துளை கீல் கோட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். முன்னால் பின்னால் தள்ளியிருந்தால் மேலும் கீழும் சமமாக அசையாது.

7. எலிவேட்டர்தான் அதிகம் ஏமாற்றும், அதனால் நேரம் கொடுங்கள். நடுவில் ஒன்றாக நிற்கும் இரண்டு பாதிகள் முழு அசைவில் பிரிந்துவிடும். இரண்டு பாதியிலும் உட்பக்க ஓரத்தில், ரடரைத் தாண்டிப் பின்னால் நீளும்படி ஆளுக்கொரு மூங்கில் குச்சியை டேப் போட்டு ஒட்டுங்கள். விளக்குமாற்று ஈர்க்கு வேண்டாம், தன் எடையிலேயே வளையும். எலிவேட்டரின் அகலம் 50 மில்லிமீட்டர், குச்சியின் நுனி கீலிலிருந்து 350 மில்லிமீட்டர் என்றால், ஓரத்தில் வரும் 1 மில்லிமீட்டர் பிசகு நுனியில் 7 மில்லிமீட்டராகத் தெரியும். நடுவில் இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருக்கும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு ரேடியோவில் எலிவேட்டரைப் பாதி மேலே, முழுக்க மேலே, பாதி கீழே, முழுக்கக் கீழே அசைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முழு அசைவில் மட்டும் பிரிந்தால் ரேடியோவின் எண்ட் பாயின்ட்டில் சரிசெய்யலாம். பாதியிலேயே பிரிந்தால் ஆர்மின் கோணத்தையோ ஹார்ன் துளையின் உயரத்தையோ திரும்பப் பாருங்கள்.

8. ஏலரானுக்கு ஸ்டீல் ஸ்கேல் போதும். சாகச விமானத்தின் இறக்கை மேலும் கீழும் ஒரே வளைவு. ஸ்கேலை மேல்பக்கம் வைத்தால் பின் ஓரத்தில் எவ்வளவு இடைவெளி தெரிகிறதோ, கீழ்ப்பக்கம் வைத்தாலும் அவ்வளவே தெரிய வேண்டும்.

9. ஏலரான் ஓரத்தை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் நேராக்கி என்ன பயன்? தேய்ந்த துளையை மாற்றுங்கள். கீல் இடுக்கில் கீழ்ப்பக்கமாக டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டுங்கள், ஒட்டும்போது ஏலரானை முழுக்க மேலே தூக்கிவைக்க வேண்டும். ஆட்டமும் இடுக்கும் சேர்ந்தால் வேகத்தில் ஃப்ளட்டர் பிடிக்கும். அது பிடித்தால் ஏலரான் பிய்ந்து வர நொடி போதும்.

10. எலிவேட்டரைக் குறை சொல்லும் முன், விமானத்தை முன் தண்டிலும் வாலிலும் நூல் கட்டித் தூக்கிப் பாருங்கள். ஒரு இறக்கை தாழ்ந்தாலும் லூப் கோணும். தூக்கலாக நிற்கும் இறக்கையின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிச் சோதியுங்கள்.

11. முதல் பறப்பில் ட்ரிம் போட நேர்ந்தால் தப்பில்லை. இறங்கியதும், பேட்டரியைக் கழற்றும் முன், ஏலரானும் எலிவேட்டரும் எங்கே நிற்கின்றன என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ட்ரிம்மைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, அதே இடத்துக்கு வரும்வரை புஷ்ராடைத் திருப்புங்கள்.

12. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு லிங்க்கும் ராடும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் மரை திரும்பியிருக்கிறது என்று பறக்கும் முன்பே தெரியும். கடும் சிவப்பு நல்லது. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் இப்போது டூல் பாக்ஸில்தான் இருக்கிறது, மனைவி தனக்கென்று வேறு வாங்கிக்கொண்டாள்.