திரையின் மூலையில் ஒரு பொய் எச்சரிக்கை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. புதுச்சேரி சாரம் பகுதியில், எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் என் வீட்டிற்கு வந்தாள். கையில் லேப்டாப். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு கட்டம் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. ‘உங்கள் கணிப்பொறியில் 5 வைரஸ்கள் உள்ளன. உடனே இங்கே அழுத்துங்கள்’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“சார், இரண்டாயிரம் ரூபாய் கட்டினால் சரியாகிவிடும் என்று போட்டிருக்கிறது. கட்டிவிடலாமா? இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லலாமா?” என்று கேட்டார் தந்தை. அதைக் கேட்டதும் மகளின் முகம் வாடிவிட்டது. அறிவியல் கண்காட்சிக்காக அவள் மூன்று மாதம் எடுத்த அளவீடுகளும் படங்களும் அந்தக் கணிப்பொறியில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

பணம் கட்டவும் வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம் என்றேன். நோய் எதுவென்று அறியுமுன் மருந்து கொடுப்பது முறையன்று. முதலில் அவளுடைய கோப்புகளை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்தோம். படங்களையும் எழுத்துக் கோப்புகளையும் மட்டுமே எடுத்தோம். பதிவிறக்கிய நிரல் எதையும் எடுக்கவில்லை. பிறகு, ‘இந்த விளம்பரம் எந்த வழியாக வருகிறது?’ என்ற கேள்வியை எடுத்துக்கொண்டோம். அன்று நாங்கள் செய்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

யாருக்கு என்ன லாபம்?

நாம் கேளாமலேயே கணிப்பொறிக்குள் புகுந்து விளம்பரங்களைக் காட்டும் நிரலுக்கு விளம்பர மென்பொருள் என்று பெயர். ஆட்வேர் என்றும் சொல்வர். வைரஸைப் போல இது தானாகப் பரவுவதில்லை. பெரும்பாலும் வேறொரு நிரலின் முதுகில் ஏறி, நாம் கொடுக்கும் சம்மதத்தோடுதான் உள்ளே வருகிறது.

இலவச நிரல் ஒன்றைப் பதிவிறக்கும்போது அதனுடன் இன்னும் இரண்டு, மூன்று நிரல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்புவது ஒரு வியாபாரம். ஒவ்வொரு கணிப்பொறியில் அது நிறுவப்படும்போதும் கட்டி அனுப்பியவருக்குக் கூலி கிடைக்கும். கூகுள் நிறுவனமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நிறுவலுக்குக் கொடுக்கப்பட்ட விலை 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை. ஒரு நிறுவலுக்குச் சில்லறைக் காசுதான். ஆனால் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்! நம் கண்ணில் படும் ஒவ்வொரு விளம்பரத்திற்கும், திசை திருப்பப்படும் ஒவ்வொரு தேடலுக்கும் யாரோ ஒருவருக்குப் பணம் போகிறது.

நான்கு சோதனைகள்

மின்சுற்றில் விளக்கு எரியவில்லையென்றால் நாம் என்ன செய்வோம்? பல்பா, கம்பியா, சுவிட்சா, மின்கலமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் விதி. இங்கும் அதே விதிதான்.

முதல் சோதனை: விளம்பரம் ஒரே ஓர் இணையதளத்தில் மட்டும் வருகிறதா? ஆம் எனில் அது அந்தத் தளத்தாரே வைத்தது. நம் கணிப்பொறியில் குற்றம் இல்லை.

இரண்டாம் சோதனை: பிரவுசரை முழுவதும் மூடிவிட்டு வேறொரு பிரவுசரைத் திறந்து பாருங்கள். குரோமில் வந்த தொல்லை எட்ஜில் வரவில்லையென்றால், கோளாறு குரோமிற்குள்தான் இருக்கிறது. ஓர் எக்ஸ்டென்ஷனோ, ஏதேனும் ஒரு தளத்திற்கு நாம் கொடுத்த அறிவிப்பு அனுமதியோ காரணமாக இருக்கும். சன்னலை மூடிய பிறகும் பிரவுசர் பின்னணியில் இயங்கக்கூடும். ஆகவே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் சோதனை: எல்லாப் பிரவுசர்களிலும் வருகிறதா? எந்தப் பிரவுசரும் இயங்காதபோதும் வருகிறதா? அப்படியானால் கணிப்பொறியிலேயே ஒரு நிரல் குடியேறியிருக்கிறது என்று ஐயப்படலாம்.

நான்காம் சோதனை: அதே வைஃபையில் இணைந்திருக்கும் கைப்பேசியிலும் பக்கங்கள் திசை மாறுகின்றனவா? லேப்டாப்பைக் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் இணைத்ததும் தொல்லை நின்றுவிடுகிறதா? அவ்வாறெனில் சந்தேகப்பட வேண்டியது வீட்டிலுள்ள வைஃபை ரூட்டரை. அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பெரியவர்களைக் கேட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். இணைய இணைப்பின் விவரங்களை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த மாணவியின் கணிப்பொறியில் என்ன கண்டோம்? குரோமை முழுதும் முடித்ததும் வைரஸ் எச்சரிக்கை நின்றுவிட்டது. எட்ஜில் தொல்லையே இல்லை. ஆக, ‘5 வைரஸ்கள்’ என்பது வைரஸ் தடுப்பு நிரல் சொன்ன செய்தியன்று. பிரவுசர் வழியாக ஒரு தளம் அனுப்பிய விளம்பரம்! எந்த இணையதளமும் உங்கள் கணிப்பொறியின் உள்ளே புகுந்து வைரஸ்களை எண்ணிச் சொல்ல முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

களையெடுப்பு

வயலில் கோரையைப் பிடுங்கினால் மட்டும் போதாது. மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் மறுபடி முளைக்கும். ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் செய்தோம்.

1. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதனுள் சைட் செட்டிங்ஸ், அதனுள் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியைத் திறந்தோம். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் அவள் அறியாத பெயர்கள் நான்கு இருந்தன. அவற்றை நீக்கினோம். மூலையில் வந்த கட்டம் அத்துடன் ஒழிந்தது.

2. ஆனால் எதைத் தேடினாலும் அறிமுகமில்லாத ஒரு தேடுபக்கம் வந்துகொண்டிருந்தது. எக்ஸ்டென்ஷன்கள் பட்டியலில் அவள் சேர்க்காத ஒன்று இருந்தது. அதையும் நீக்கினோம்.

3. அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று, நிறுவப்பட்ட நிரல்களைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தினோம். தொல்லை தொடங்கிய அதே நாளில் மூன்று நிரல்கள் ஒன்றாக வந்திருந்தன. ஒன்று அவள் விரும்பிப் போட்டது. மற்ற இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தவை. மூன்றையும் நீக்கினோம். பெயர் தெரியவில்லை என்பதற்காக மட்டும் எதையும் நீக்கிவிடாதீர்கள். ஒலி, திரை போன்றவற்றை இயக்கும் தேவையான நிரல்களும் அங்கே இருக்கும். பெயரையும் தேதியையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

4. விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை செய்தோம். விளம்பர மென்பொருள்களுக்கென்றே உள்ள ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவியையும், அதை இப்போது வெளியிடும் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டினோம். நீக்கிய நிரலை மறுபடி வரவழைக்க மறைத்து வைத்த கட்டளைகளை இத்தகைய கருவிகள் தேடிப் பிடிக்கும். நான் சொன்ன கிழங்கு அதுதான்.

5. கடைசியாகக் குரோமின் அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மாற்றி, கணிப்பொறியை அணைத்து இயக்கினோம். நான்கு சோதனைகளையும் மறுபடி செய்தோம். தொல்லை இல்லை. அதன் பிறகே மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். சுத்தம் செய்யுமுன் புதிய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வதில் பொருளில்லை அல்லவா?

இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இந்திய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன், 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரா மூலமும் துப்புரவுக் கருவிகளை இலவசமாகவே வழங்குகிறது.

வெறும் தொல்லைதானா?

“விளம்பரம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்று சிலர் எண்ணக்கூடும். அது ஏன் தவறு என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்று.

2014 செப்டம்பர் முதல் சில மாதங்கள் விற்கப்பட்ட லெனோவோ லேப்டாப்புகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் வாங்கும்போதே இருந்தது. வங்கித் தளங்களைத் திறக்கும்போது முகவரிக்கருகில் பூட்டுக் குறி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நமக்கும் அந்தத் தளத்திற்கும் இடையே செல்லும் செய்தி மறைகுறியாக்கப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். சூப்பர்ஃபிஷ் தன் விளம்பரங்களைச் செருகுவதற்காக இந்த மறைப்பை நடுவழியில் பிரித்து மறுபடி மூடியது. இதற்காக அது வைத்திருந்த இரகசியச் சாவி எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒன்றே! தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே சாவி என்றால் என்ன ஆகும்? அந்தச் சாவியைக் கண்டறிந்த எவரும் பொய்யான வங்கித் தளத்தை மெய்யானது போலக் காட்ட முடிந்திருக்கும். 2015 பிப்ரவரியில் இது வெளியானதும் லெனோவோ அதனை நீக்கும் கருவியை வெளியிட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி நம் நாட்டோடு தொடர்புடையது. 2017 ஜூனில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஃபயர்பால் எனும் விளம்பர மென்பொருளைப் பற்றி எச்சரித்தது. பெய்ஜிங்கிலுள்ள ஒரு விளம்பர நிறுவனம், இலவச நிரல்களோடு சேர்த்து அதைப் பரப்பியதாகக் கூறியது. உலகெங்கும் 25 கோடிக் கணிப்பொறிகளில் அது நுழைந்துள்ளது என்றும், அவற்றில் மிகுதியாக 2.53 கோடி இந்தியாவில் உள்ளவை என்றும் அது மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆபத்து உண்மையானதே என்பதை மறுக்கவில்லை. ஃபயர்பால் செய்த வேலை பிரவுசரின் முதற்பக்கத்தையும் தேடுபக்கத்தையும் மாற்றுவதுதான். ஆனால் வேறு எந்த நிரலையும் வரவழைத்து இயக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. இன்று விளம்பரம் காட்டுவது நாளை கடவுச்சொல்லைத் திருடலாம். வீட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வந்தவர் துண்டறிக்கை ஒட்டத்தானே வந்தார் என்று நாம் சும்மா இருப்போமா?

வாசலில் காவல்

எங்கள் மாணவியின் கணிப்பொறிக்குள் அது எப்படி வந்தது? அவள் தமிழில் ஒரு கட்டுரை தட்டச்சு செய்ய விரும்பினாள். ‘தமிழ் டைப்பிங் இலவசம்’ என்று தேடி, முதலில் வந்த தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ‘நீங்கள் ரோபோ இல்லையென்று காட்ட அலோ என்பதை அழுத்துக’ என்றது ஒரு கட்டம். அழுத்தினாள். அறிவிப்பு அனுமதி அங்கே போயிற்று. பிறகு நிறுவும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று படிக்காமலே தட்டினாள். மற்ற இரண்டும் அப்போது ஏறிக்கொண்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் தேடியது அவளிடமே இருந்தது! விண்டோஸ் 11இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால், 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையே கிடைக்கிறது. எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த வழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். ஒரு நிரல் தேவையா, கணிப்பொறியிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேவையெனில் அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே எடுங்கள். தேடலில் மேலே ‘ஸ்பான்சர்டு’ என்ற குறிப்போடு வருவது காசு கொடுத்து இடம் பிடித்தது. அது நம்பகத்திற்குச் சான்றன்று. நிறுவும்போது ‘கஸ்டம்’ என்ற வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே குறியிட்ட பெட்டிகளின் குறியை எடுத்துவிடுங்கள். திரை மங்கி, அனுமதி கேட்கும் கட்டம் வந்தால் வெளியிட்டவர் பெயரைப் படியுங்கள். அன்றாடப் படிப்பிற்கு நிர்வாகி உரிமையில்லாத கணக்கைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில், வேண்டாத நிரல்களைத் தடுக்கும் வசதியை இயக்கி வையுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய நிரலையோ புதுப்படத்தையோ ‘இலவசம்’ என்று தரும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். பொய் எச்சரிக்கையை நம்பி யாரேனும் பணம் செலுத்திவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு கணிப்பொறியில், பெரியவர்களின் அனுமதியோடு, மூன்றை மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்: அறிவிப்பு அனுமதி பெற்ற தளங்கள் எத்தனை? எக்ஸ்டென்ஷன்கள் எத்தனை? கணிப்பொறியை இயக்கியதும் தாமே தொடங்கும் நிரல்கள் எத்தனை? ஒவ்வொன்றின் எதிரிலும் ‘நானே சேர்த்தேன்’, ‘தெரியாது’ என்று எழுதுங்கள். வகுப்பு நண்பர்களின் கணக்கோடு ஒப்பிடுங்கள். ‘தெரியாது’ என்ற வரிசையில் எத்தனை வருகின்றன என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

அந்த மாணவி இப்போது தன் அளவீடுகளை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். தெருவில் யாருடைய கணிப்பொறியில் இத்தொல்லை வந்தாலும், “முதலில் வேறு பிரவுசரில் திறந்து பார்த்தீர்களா?” என்று கேட்பவளும் அவள்தான்.