பஸ்ஸில் போய் ஓர் இரவு தங்கி வர: பருத்தித்துறைக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

வடமராட்சிப் பிள்ளைகள் பலருக்கு யாழ்ப்பாணம் என்றால் பெரியாஸ்பத்திரி, கண் டொக்டர், கலியாணத்துக்குச் சீலை எடுக்கும் கடை. அவ்வளவுதான். 35 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். விடிய வெளிக்கிட்டு, அலுவலை முடித்து, பொழுதுபட முன்னம் ஓடி வந்துவிடுகிறோம். நகரத்தை ஒரு நகரமாக அவர்கள் பார்ப்பதேயில்லை. வான் பிடித்தால்தான் பிள்ளைகளோடு போகலாம் என்று நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. போய் வருவதாக இல்லாமல், தங்கி வருவதாகத் திட்டமிடுங்கள். பஸ்ஸில் ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம் வரை செல்லும். ஒரே நாளில் போய் வந்தால் மூன்று மணித்தியாலம் இருக்கையிலேயே போய்விடும். மிஞ்சுவது பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட கொதிக்கிற வெயில். பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் நடக்கக்கூடிய நேரம் காலை ஒன்பதரைக்கு முன்னும் பின்னேரம் நாலுக்குப் பின்னும்தான். ஓர் இரவு தங்கினால் ஒரு முழுப் பின்னேரமும் ஒரு முழுக் காலையும் கையில் கிடைக்கும். அந்த இரண்டுக்காகத்தான் அறைக் காசு கொடுக்கிறோம்.

2. மாதம் பார்த்துப் போங்கள். ஏப்ரல் விடுமுறையில் வெக்கை. டிசம்பரில் மழை, அதோடு டெங்கு நுளம்பு. ஆவணி விடுமுறையில் நல்லூர்த் திருவிழா வரும். 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களால் அறைகள் நிரம்பிவிடும், வாடகையும் ஏறிவிடும், கோயிலைச் சுற்றிய வீதிகளையும் மறித்துவிடுவார்கள். தேரும் தீர்த்தமும் பார்ப்பதற்கென்றே போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. மற்றப்படி தைப் பொங்கல் கழிந்து பங்குனி வரைக்கும் வரும் சனி, ஞாயிறுகள் நல்லவை.

3. பஸ் நிலையம் வரை போகாதீர்கள். குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 750 இலக்க பஸ் கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு தாண்டி நல்லூர் வழியாகத்தான் நகருக்குள் போகிறது. பெரும்பாலான ஆட்கள் நேரே கடைசித் தரிப்பிடத்துக்குப் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்து நல்லூருக்குத் திரும்பி வருவார்கள். அதே பாதையில் இரண்டு தரம் காசு கொடுத்துப் போவதென்ன கணக்கு? நல்லூரடியில் இறங்குங்கள். அறையையும் அந்தப் பக்கமே எடுங்கள்.

4. நகரத்தை இரண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒன்று நல்லூர்ப் பக்கம். மற்றது கோட்டை, நூலகம், பண்ணைப் பக்கம். அரை நாளுக்கு ஒரு துண்டு. ஒரு துண்டுக்குள் நடந்து திரியலாம், மற்றத் துண்டுக்கு ஒரேயொரு ஓட்டோ பயணம். வாகனம் உள்ளவர்கள் இடங்களின் பட்டியலைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் நிழலையும் நடை தூரத்தையும் வைத்துத்தான் பட்டியல் போடவேண்டும்.

5. நல்லூர்த் துண்டு காலைக்கு. விடியப் போனால் கோயில் வீதி மணல் சுடாது, சனமும் குறைவு. ஆண்பிள்ளைகளுக்கு எத்தனை வயதென்றாலும், கோயிலுக்குள் போக முன்னம் கழற்றச் சுகமான சேட்டைப் போட்டுவிடுங்கள். அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாதான். அந்தக் குற்றியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். பிறகு பருத்தித்துறை வீதி வழியே வந்த பக்கமாகச் சற்று நடந்தால் சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை. மந்திரிமனை பழுதடைந்த கட்டடம், வெளியே நின்று பார்த்தால் போதும், உள்ளே ஏறவிடாதீர்கள். வெயில் ஏறியபின் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சின்னக் கட்டடம்தான். வாசலில் இருக்கும் திமிங்கில எலும்பும் ஒல்லாந்தர் பீரங்கியும் பிள்ளைகளைக் கொஞ்சநேரம் பிடித்து வைக்கும். அது எந்த நாளில் பூட்டு என்று தங்குமிடத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ஐஸ்கிறீம் கடை கோயிலடியில்தான், றியோ. அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே கொடுத்துவிட்டால் பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

6. கோட்டைத் துண்டு பின்னேரத்துக்கு. நாலரைக்கு முன்னம் கோட்டைக்குள் காலடி வைக்கவேண்டாம், நிழல் என்பதே கிடையாது. போர்த்துக்கேயர் தொடங்கியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகப் பெருப்பித்தது. இந்த ஐந்து மூலையையும் பிள்ளைகளையே எண்ணச் சொன்னால் நடை தெரியாது. மதிலின் மேல் பல இடங்களில் கைபிடி இல்லை, சின்னவர்களின் கையை விடாதீர்கள். பொழுது பண்ணைக் கடலில் விழும்போது மேற்குப் பக்க மதிலில் நில்லுங்கள். எங்கள் பருத்தித்துறைக் கடல் வடக்குப் பார்த்தது, பொழுது இப்படி நேரே கடலுக்குள் இறங்குவதைப் பிள்ளைகள் ஊரில் காண்பது அரிது.

7. நூலகத்தை வெளியே நின்று படம் எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். பார்வையாளருக்கு என்று ஒதுக்கிய நேரம் பெரும்பாலும் பின்னேரம்தான், அதைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்பக் கோட்டையை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுங்கள். 1959 இல் திறந்த கட்டடம், 1981 இல் எரித்தது, பிறகு திருத்தியது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை "ஏன் எரிச்சவை?" என்று கேட்கும். அங்கேயே நின்று சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று தள்ளாதீர்கள். சின்னவர்களுக்குப் பக்கத்தில் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. ஊஞ்சலும் சறுக்கும் இருந்தால் அவர்களுக்கு அதுவே யாழ்ப்பாணம்.

8. பஸ் ஏறும் நேரம். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை கந்தோர்க்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். மத்தியானம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் மறுபடி நெரிசல். பிறகு ரியூசன் கூட்டம். சனிக்கிழமையென்றால் இதில் பாதி குறையும். பருத்தித்துறை பஸ் நிலையத்திலேயே ஏறுங்கள். நெல்லியடியில் ஏறினால் மடியில் ஒன்று, கையில் ஒன்று, தோளில் பை என்று நிற்கவேண்டி வரும். தனியார் மினிபஸ் வேகம், பாட்டு, நெரிசல். இ.போ.ச. பஸ் மெதுவென்றாலும் பைகள் வைக்க இடம் உண்டு. குழந்தைகளோடென்றால் நான் இரண்டாவதுக்குத்தான் காத்திருப்பேன்.

9. சத்தி எடுக்கும் பிள்ளைக்கு முன்பக்க யன்னல் இருக்கை. புறப்பட ஒரு மணித்தியாலம் முன்னம் அரை வயிறு சாப்பாடு, பால் வேண்டாம். வல்லை வெளியில் காற்று நன்றாக அடிக்கும், அதுவரை தாக்குப்பிடித்தால் அங்கே தெளிந்துவிடும். இரண்டு சொப்பிங் பை, ஒரு சின்னத் துவாய், ஒரு தேசிக்காய். போனில் படம் போட்டுக் கொடுக்காதீர்கள், பஸ் ஓடும்போது குனிந்து பார்த்தால்தான் பிரட்டும்.

10. சில்லறை. ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினால் கொண்டக்டர் மிச்சத்தை ரிக்கற்றின் பின்னால் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் பிள்ளையை இழுப்பதா, மிச்சம் கேட்பதா? முதல்நாளே மாற்றி வையுங்கள். மீற்றர் போடாத ஓட்டோவென்றால் ஏற முன்னம் கேளுங்கள்.

11. ரயில் ஆசையையும் தீர்த்துவிடலாம். வடமராட்சிக்குள் ஒருநாளும் ரயில் வந்ததில்லை. ஆனால் கொடிகாமம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பருத்தித்துறையிலிருந்து கொடிகாமத்துக்குத் தட்டி வான் ஓடியது, அம்மம்மாமார் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், கதை நிற்காது. இப்போது பஸ்ஸில் கொடிகாமம் போய், அங்கிருந்து சாவகச்சேரி, நாவற்குழி வழியாக யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போகலாம். 1990 இல் நின்ற ரயில் 2014 இல்தான் யாழ்ப்பாணம் வரை திரும்பி வந்தது. எல்லா ரயிலும் கொடிகாமத்தில் நிற்காது, நேரமும் மாறும். ஆகவே முதல்நாள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டே வெளிக்கிடுங்கள். இது சரிவராவிட்டால் யாழ்ப்பாணம் போனபின் காங்கேசன்துறை வரை ரயிலில் ஒரு சின்னச் சுற்று. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

12. நயினாதீவையும் இதற்குள் திணிக்காதீர்கள். குறிகாட்டுவான் வரை பஸ், பிறகு படகு, கோயில், திரும்பப் படகு, திரும்பப் பஸ். அது ஒரு முழு நாளின் வேலை. போகத்தான் வேண்டுமென்றால் இரண்டாவது இரவும் தங்குங்கள்.

13. வழிச் சாப்பாட்டுக்கு எங்கள் பருத்தித்துறைத் தட்டை வடையை விடச் சிறந்தது கிடையாது. நசியாது, ஊசாது, கிழமைக்கணக்கில் இருக்கும். உறைப்புக் குறைத்துச் சுடச் சொல்லி வாங்குங்கள். மத்தியானம் பஸ் நிலையத்தடியில் மலாயன் கபேயில் வாழையிலைச் சாப்பாடு. இரவுக்கு இடியப்பமோ புட்டோ பார்சல். நாள் முழுக்க நடந்த பிள்ளையைக் கடைக் கதிரையில் இருத்தி வைக்க நினைப்பது வீண்.

14. அறை பேசும்போது கேட்கவேண்டியவை: நுளம்பு வலை உண்டா, மேலதிக மெத்தை போடுவார்களா, மச்சம் சாப்பிட விடுவார்களா. நல்லூரடியில் சில இடங்களில் விடமாட்டார்கள். காலையில் அறையைக் கொடுத்தபின் பையை வைத்துவிட்டுப் போகலாமா என்பதையும் கேளுங்கள். வாகனம் இல்லாதவருக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், இல்லாவிட்டால் இரண்டாம் நாள் முழுக்கச் சுமைதான்.

15. பெரிய பை ஒன்று வேண்டாம், முதுகுப் பை இரண்டு போதும். பிள்ளை தன் தண்ணிப் போத்தலையும் தொப்பியையும் தானே சுமக்கட்டும். பனடோல், ஜீவனி, ஒரு மாற்றுடுப்பு. தள்ளுவண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.

16. தொலைந்தால் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே காட்டி வையுங்கள். கோட்டைப் பக்கமென்றால் மணிக்கூட்டுக் கோபுரம், தூரத்திலேயே தெரியும். நல்லூரில் கோயில் முன்வாசல். தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு காற்சட்டைப் பையில் இருக்கட்டும், பாடமாக்கியது பயத்தில் மறந்துபோகும்.

17. திரும்பும்போது குறிப்பு 3 ஐத் தலைகீழாக்குங்கள். நல்லூரடியில் நின்று பஸ் மறிக்கவேண்டாம், அதற்குள் இருக்கைகள் நிரம்பிவிடும். ஓட்டோவில் பஸ் நிலையம் போய், தொடக்கத்திலேயே ஏறி இருங்கள். பொழுதுபட்டபின் பஸ்கள் குறையும். கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று வந்த அன்றே கொண்டக்டரிடம் கேட்டு வைத்து, அதற்கு முந்தியதில் ஏறுங்கள்.