குடும்பத்துக்கு ஒரு பிக்கப்: எதைக் கேட்டு வாங்குவது, எதை விட்டுவிடுவது?



டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்து நமக்கெல்லாம் ஒரு வேலை தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. சொந்தக்காரர் யார் வண்டி வாங்கினாலும், "ஏம்ப்பா, நீ இதைத்தானே படிக்கிற? எந்த மாடல் எடுக்கலாம், சொல்லு" என்று நம்மிடம்தான் கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் மைலேஜைச் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் வாரத்தில் ஆறு நாள் உர மூட்டையும் காய்கறியும் ஏற்றி, ஏழாம் நாள் அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகளோடு கோயிலுக்குப் போகிற வண்டி என்றால் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. அதில் பல வருடக் கடனும் இருக்கிறது, ஐந்து உயிரும் இருக்கிறது.

ஷோரூமில் ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று ரூபாயில், மற்றது கிலோவில். முதல் விலையைக் கொட்டேஷனில் அச்சடித்துத் தருவார்கள். இரண்டாவதை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். நாம் வகுப்பில் படித்த கணக்கே அதற்குப் போதும் என்று காட்டுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

பிக்கப் வந்த கதை

1925-ல் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி தனது மாடல் டி காரின் பின்புறம் இரும்புப் பெட்டியைப் பொருத்தி, 281 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. அதுவரை விவசாயிகள் தாங்களே காரின் பின்பக்கத்தை அறுத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிலிருந்து 1968-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. நம் நாட்டில் 2005-ல் வந்த டாடா ஏஸுக்குத் தமிழ்நாட்டு மக்கள் 'குட்டி யானை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். முன்னும் பின்னும் சீட் உள்ள டபுள் கேபின் வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வழக்கம் இங்கே பின்னால்தான் பரவியது. இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-லும், ஹைலக்ஸ் 2022-லும் இந்தியச் சந்தைக்கு வந்தன.

ஆக, பிக்கப் என்பது கார் முகம் வைத்த லாரி. இதை மறந்துவிட்டு டாப் மாடலைத் தேடும்போதுதான் தப்பு நடக்கிறது.

1. முதலில் எடைக் கணக்கு

வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று கம்பெனி நிர்ணயித்திருப்பது மொத்த எடை, அதாவது ஜி.வி.டபிள்யூ. டீசல், ஆயில் நிரப்பி ஆளில்லாமல் நிற்கும் வண்டியின் எடை கெர்ப் வெயிட். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். அதில் குடும்பத்தாரும் அடக்கம்!

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 2,900 கிலோ. கெர்ப் வெயிட் 1,950 கிலோ. மீதி 950. இதில் பெரியவர் மூவர், பிள்ளைகள் இருவர் சேர்ந்து 240 கிலோ. பாக்கி 710 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை பதினாலு ஏற்றலாம்.

இப்போது ஆசைப்பட்டதையெல்லாம் சேர்ப்போம். நாலு சக்கர டிரைவ் 100 கிலோ, பின்பாடிக்கு மேல்கூடு 60, முன்னால் இரும்பு கார்டு 40, ஸ்டெப்னியோடு ஐந்து பெரிய டயருக்குக் கூடுதலாக 30, பாடிக்குள் லைனர் 20. கூட்டினால் 250 கிலோ. மீதி 460. மூட்டை ஒன்பதுதான்! ஒவ்வொரு நடையிலும் ஐந்து மூட்டை போச்சு. அதற்கும் சேர்த்து வட்டி கட்டுகிறோம்.

"என்ன தம்பி, ஐந்து மூட்டை அதிகமா ஏத்தினா வண்டி உட்கார்ந்தா போயிடும்?" என்பார்கள். உடனே உட்காராதுதான். ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும், டயர் சூடேறும், முன்பக்கம் தூக்கி ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள பார எண்ணையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 108 என்றால் 1,000 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. அழகான அலாய் வீலோடு பார எண் குறைந்த டயரை மாட்டினால் வண்டியின் பலமே குறைந்ததாக அர்த்தம்.

2. கேபினா, பாடியா?

அப்ளைடு மெக்கானிக்ஸில் மொமென்ட் படித்தோமே, அது இங்கே கை கொடுக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3,000 மி.மீ. என்று வையுங்கள். 500 கிலோ சரக்கின் மையம் பின் அச்சுக்கு 300 மி.மீ. முன்னால் விழுந்தால், பின் அச்சில் 450 கிலோ, முன் அச்சில் 50 கிலோ. நல்ல பங்கீடு.

அதே சட்டத்தில் டபுள் கேபின் வைத்தால் பாடி பின்னால் தள்ளிப் போகும். சரக்கின் மையம் பின் அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் விழுந்தால், பின் அச்சில் 550 கிலோ; முன் அச்சிலிருந்து 50 கிலோ குறைகிறது. ஸ்டியரிங் லேசாகும், மழையில் முன் டயரின் பிடிப்பு குறையும்.

ஆகவே டபுள் கேபின் வாங்குகிறவர் கனமான மூட்டையைக் கேபினை ஒட்டி வைக்க வேண்டும். கடைசிக் கதவைத் திறந்துபோட்டு அதன்மேல் ஏற்றக்கூடாது. குடும்பமே போகும் நாட்கள் குறைவு, லோடு அதிகம் என்றால் சிங்கிள் கேபினோடு ஒரு பழைய கார்கூட லாபமாக இருக்கலாம். இதைச் சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும்.

3. ஸ்பிரிங்கும் பிரேக்கும்

பின்னால் லீஃப் ஸ்பிரிங் இருப்பதால் காலி வண்டி துள்ளும், பாரம் ஏறினால் அடங்கும். பாட்டிக்கு முதுகு வலி என்றால் காலி வண்டியில் பின்சீட்டில் உட்கார வைத்து, மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஷோரூம் எதிரே உள்ள வழவழப்பான ரோட்டில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது.

வாங்கினவுடன் கூடுதல் பட்டை போடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. பட்டை சேர்த்தால் வண்டி உயர்ந்து நிற்கும். பாரம் இருக்கும்போதும் வால்வு 'வண்டி காலி' என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரத்தைக் கூட்டி பிரேக்கைக் குறைப்பது! பட்டை சேர்த்ததால் ஆர்.சி. புக்கில் உள்ள மொத்த எடையும் கூடுவதில்லை.

4. எஞ்சின், கியர், கிரவுன் பினியன்

குதிரைசக்தியைவிட டார்க் எத்தனை ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2022-ல் இங்கே வந்த ஹைலக்ஸில் ஒரே 2.8 லிட்டர் எஞ்சினுக்கு மேனுவலில் 420 நியூட்டன் மீட்டரும் ஆட்டோமேட்டிக்கில் 500-ம் கொடுத்திருந்தார்கள்.

டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும் என்றால், 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 606 சுற்று. டைரக்ட் கியரில் பின் அச்சு விகிதம் 3.73 என்றால் எஞ்சின் 2,260 சுற்று, 4.10 என்றால் 2,485. இரண்டாவதில் சக்கரத்துக்கு இழுவை 10 சதவீதம் அதிகம், டீசலும் கொஞ்சம் அதிகம். மலைப்பாதையில் லோடு அடிப்பவருக்கு 4.10; சமதளத்தில் நீண்ட தூரம் ஓடுபவருக்கு 3.73. பிறகு 10 சதவீதம் பெரிய டயர் மாட்டினால் இந்த லாபம் அப்படியே கரைந்துவிடும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி வந்துவிட்டது. தினமும் இரண்டு கிலோமீட்டர் சந்தைக்குப் போய் வருவதோடு சரி என்றால், அது சூடேறி கரியை எரிக்க நேரமே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் பெட்ரோலையோ சி.என்.ஜி.யையோ யோசிக்கலாம். சிலிண்டரின் எடையைப் பாரக் கணக்கில் கழிக்க மறக்கக் கூடாது.

5. நாலு சக்கர டிரைவ் தேவையா?

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான டார்க்கைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் மறுசக்கரத்துக்கும் அந்தக் குறைந்த அளவே கிடைக்கும். வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். தோட்டத்து வாசலில் நாலு நாள் சேறு, அவ்வளவுதான் என்றால், பின் அச்சு லாக் கிடைக்கிற மாடலே போதும். செங்குத்தான மண்பாதை, ஆற்றுமணல் என்றால் லோ ரேஞ்சுடன் நாலு சக்கர டிரைவ் அவசியம். ஒன்று நினைவிருக்கட்டும்: பார்ட் டைம் வகையை உலர்ந்த தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால், முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் உருளுவதால் டிரான்ஸ்மிஷன் முறுக்கிக்கொள்ளும்.

6. பின்னால் சேர்க்க முடியாதது எது?

பணம் குறைவாக இருக்கும்போது இந்தக் கேள்விதான் வழிகாட்டி. மியூசிக் சிஸ்டம், சீட் கவர், ரிவர்ஸ் கேமரா, தார்ப்பாய் எல்லாம் அடுத்த தீபாவளிக்கு வாங்கலாம். ஏர்பேக், ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், மூன்றுமுனை சீட் பெல்ட், குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, கேபின் அளவு, அச்சு விகிதம், இவை பேக்டரியில் வந்தால்தான் உண்டு. காலி பிக்கப்பில் பின் சக்கரத்தில் எடை குறைவு. மழையில் பிரேக் போட்டால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். ஏ.பி.எஸ்.ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் காரைவிட இங்கே அதிகம் தேவை.

காருக்குக் கட்டாயம் என்று வந்த விதியெல்லாம் சரக்கு வகை வண்டிக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

முன்னால் மாட்டும் இரும்பு கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதியது. அது ஏர்பேக் சென்சாரைக் குழப்பும். நடந்து போகிறவரை நசுக்கும். காசு கொடுத்து எடையையும் வழக்கையும் வாங்குவானேன்?

7. ஆர்.சி. புக்கும் பின்பாடியில் ஆளும்

சொந்த உபயோகமா, சரக்கு வண்டியா, எந்த வகையில் பதிவாகும் என்று முதலிலேயே கேளுங்கள். வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அதைப் பொறுத்தது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் தீர்ப்புக் கூறியது.

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முக்கியம். காதுகுத்து, கல்யாணம், நடவு வேலை என்று பின்பாடியில் இருபது பேரை ஏற்றுவது நம் ஊர் வழக்கம். அங்கே சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. நின்றுகொண்டிருக்கும் இருபது பேரால் வண்டியின் புவியீர்ப்பு மையம் உயர்ந்து, வளைவில் கவிழ்வது சுலபமாகிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரக் கடமைப்பட்டதல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. பாரம் முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழும். டபுள் கேபினில் ஐந்து சீட் என்றால் ஐந்து பேர்தான். ஆறாவது ஆளுக்கு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவல்ல.

ஷோரூமுக்கு எடுத்துப்போக ஏழு கேள்விகள்

1. இதே வேரியன்ட்டின் கெர்ப் வெயிட்டும் மொத்த எடையும் எவ்வளவு?
2. பின் அச்சு எத்தனை கிலோ தாங்கும்?
3. டயரின் பார எண் என்ன?
4. பின் அச்சு விகிதம் என்ன?
5. எத்தனை ஏர்பேக்? பின்சீட் நடுவில் மூன்றுமுனை பெல்ட் உண்டா?
6. ஆர்.சி. எந்த வகையில் வரும்?
7. எந்த ஆக்சசரி போட்டால் வாரண்டி போகும்?

முதல் நாலுக்கும் பதில் தெரியாமல் விற்பனையாளர் தலையைச் சொறிந்தால் கோபப்பட வேண்டாம். ஸ்பெசிபிகேஷன் தாளைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பேனாவால் கழித்துப் பாருங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிப்பதைவிட, வாங்கும் முன்னே அது எவ்வளவு சுமக்கும் என்று பார்ப்பது மேல். அந்தக் கணக்கை மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் புரியும்படி நாம் போட்டுக் காட்டினால், மூன்று வருடம் நம்மைப் படிக்க வைத்ததற்கு வீடு கண்ட முதல் பலன் அதுதான்.

– இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு